ஆறு போல்ட் கிராங்கும் ஒரு முழ ஆயில் குழாயும்

டர்போ என்று சுருக்கமாக வழங்கும் டர்போசார்ஜர், இன்ஜின் எரித்து வெளியே தள்ளும் வாயுவின் வேகத்தாலும் வெப்பத்தாலும் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தைக் கொண்டு வெளிக்காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கருவியாகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905இலேயே இதற்குக் காப்புரிமை கோரியிருந்தாலும், பயணிகள் கார்களில் அது 1962இல்தான், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரலே கோர்வேர் என்னும் இரண்டு அமெரிக்கக் கார்களில் விற்பனைக்கு வந்தது. புகைக்குழாய் வழியே வீணாகப் போவதை வைத்துப் பிழைக்கும் கருவி என்பதால், பிறர் கழற்றிப் போட்ட சாமான்களைக் கொண்டு டர்போ இன்ஜின் கட்டுவது அதன் குணத்துக்கு ஒத்த வேலைதான் என்று பட்டறைகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த வேலை ஒரு வாழ்க்கைமுறையாகவே வேரூன்றிய நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. ஜப்பானில் ஒரு புதுக் கார் மூன்றாண்டுகள் கழித்தும், அதன்பின் ஈராண்டுக்கு ஒரு முறையும் கட்டாயத் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அதற்கான செலவு கூடிக்கொண்டே போவதால், ஓட்டத்தில் குறையில்லாத கார்களைக்கூட அங்கே உரிமையாளர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அவ்வாறு கைவிடப்பட்டவை முன்பாதி மட்டும் அறுக்கப்பட்டு, இன்ஜின், கியர்பெட்டி, மின்கம்பிக் கட்டு, கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் சேர்ந்த ஒரே துண்டாகக் கப்பலேறி வருகின்றன. இத்துண்டுக்கு ‘ஹாஃப் கட்’ என்றும், இதை விற்கும் இடத்துக்கு மலாயில் ‘கெடாய் போத்தோங்’, அதாவது வெட்டுக் கடை என்றும் பெயர். மறுபக்கம், 1985இல் சாகாவோடு தொடங்கி மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் வெளியிட்ட முதற்காலக் கார்கள் பெரும்பாலும் மிட்சுபிஷி வடிவமைப்பைத் தழுவியவை; 1993இல் வந்த வீரா, லேன்சர் காரின் உடன்பிறப்பு. (வீரா, சத்ரியா, புத்ரா, பெர்டானா என்று அந்நிறுவனம் தன் கார்களுக்குச் சூட்டிய மலாய்ப் பெயர்களுக்குத் தமிழ்க் காது அகராதியைத் தேட வேண்டியதில்லை.) எனவே ஜப்பானில் வேண்டாமென்று வெட்டப்பட்ட மிட்சுபிஷி டர்போ இன்ஜின், மலேசியாவில் குடும்பக் காராக ஓடிக்கொண்டிருந்த வீராவின் மூக்குக்குள் பெரிய அறுவைச் சிகிச்சை ஏதுமின்றி உட்கார்ந்துவிடும்.

இக்கட்டுரையில் நினைவுகூரப்படும் இன்ஜின், 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கிள்ளானை ஒட்டிய ஒரு தகரக் கூரைப் பட்டறையில் ஏறத்தாழ ஐந்து மாதங்களில் உருவானது. பட்டறைக்காரர் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்து ஆலையில் இயந்திரம் பார்த்தவர், அறுபதை நெருங்கியவர், சுற்றியிருந்த இளைஞர்கள் எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’தான். கட்டுரையாளரோ, அலுவலகம் முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே போய், பழைய ஜப்பானிய சாமான்களை வாங்கிச் சேர்ப்பதையே ஒரு பொழுதுபோக்காகக் கொண்டிருந்தவர். புதிதாக ஒரு முழுத் தொகுதி வாங்கும் வசதி அவருக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் 1990களில் பெரும்பணம் கொடுத்து வாங்கப்பட்ட பாகங்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாகரிகம் மாறியதால் மட்டுமே மூலையில் கிடக்கின்றன, அவற்றை ஒன்றுசேர்த்தால் போதும் என்ற ஒரு கணக்கும் அவரிடம் இருந்தது. பட்டறைக்காரர் அக்கணக்கை ஏற்கவில்லை. மிஞ்சிக் கிடக்கும் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காரணத்தால்தான் மிஞ்சியிருக்கிறது, அந்தக் காரணம் தெரியாமல் அதைப் பூட்டக் கூடாது என்பது அவருடைய முதல் விதி.

அவ்விதியில் எளிதாகத் தேறியது இன்ஜினின் அடிப்பகுதி. 4ஜி63 என்னும் குறியெண் கொண்ட இந்த மிட்சுபிஷி இன்ஜின், 85 மில்லிமீட்டர் விட்டமும் 88 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர்களால் 1,997 சி.சி. கொள்ளளவு பெற்றது, அதன் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். 1987இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த கேலண்ட் விஆர்-4 காரிலும், 1992 முதல் லேன்சர் எவலூஷன் வரிசையிலும் இதன் டர்போ வடிவம் பொருத்தப்பட்டது. தொடக்ககால இன்ஜின்களில் ஃப்ளைவீல் என்னும் கனச் சக்கரம் கிராங்க் தண்டோடு ஆறு போல்ட்டுகளாலும், பிற்காலத்தவற்றில் ஏழு போல்ட்டுகளாலும் இணைக்கப்பட்டதால், இவை ‘சிக்ஸ் போல்ட்’, ‘செவன் போல்ட்’ என்றே அறியப்படுகின்றன. எண்ணிக்கையில் கூடியது வலிமையிலும் கூடியது என்று நினைப்பது இயல்பு. இங்கே அது பொருந்தாது. ஆறு போல்ட் இன்ஜினின் கனெக்டிங் ராடுகள் பின்னவற்றைவிடத் தடித்தவை. பிந்தைய இன்ஜின்கள் சிலவற்றில் கிராங்க் தண்டு தன் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகரத் தொடங்கி, உந்துதலைத் தாங்கும் பேரிங்கைத் தின்றுவிடும் கோளாறும் காணப்பட்டது. வெட்டுக் கடையில் கிடைத்த விஆர்-4 துண்டு ஏன் மலிவு என்று விசாரித்தபோது, எவலூஷன் என்ற பெயர் அதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. பெயரில்லாத குறைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி தள்ளுபடி கிடைக்குமானால் அதைக் குறை என்று சொல்வதற்கில்லை.

ஏனைய பாகங்கள் அவ்வளவு எளிதில் தேறவில்லை. தடித்த உலோகத் தகட்டால் ஆன ஒரு ஹெட் கேஸ்கெட், பிரிக்காத உறையிலேயே கிடைத்தது. சிலிண்டர் உடலுக்கும் தலைக்கும் இடையில் அமரும் இத்தகடு தடித்தால் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் பெருகி அமுக்க விகிதம் குறையும் என்பதும், அமுக்கம் குறைந்தால் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாம் என்பதும் 1980களின் டியூனிங் பாடம். ஆனால் பிஸ்டனின் விளிம்பு மேலே வரும்போது அங்கிருக்கும் கலவையை நடுவே பிதுக்கித் தள்ளி எரிப்பை விரைவுபடுத்தும் நெருக்கம் அதனால் கெட்டுவிடுகிறது. இந்த ஆறு போல்ட் டர்போ இன்ஜினின் அமுக்க விகிதமோ முன்பே 7.8 மட்டுமே, அதை இன்னும் தாழ்த்த வேண்டிய தேவையில்லை. கேஸ்கெட் உறையோடு ஆணியில் தொங்கவிடப்பட்டது. 272 பாகை கேம் தண்டுகளும் ஓய்வோட்டத்தில் இன்ஜின் தடுமாறும் என்பதால் ஒதுக்கப்பட்டன. கியர்பெட்டியின் கதையை இங்கே தொடங்கினால் இக்கட்டுரை முடியாது.

சற்று நின்று விளக்க வேண்டியது, டப்பா ஒன்றில் கம்பிகளோடு சுருட்டி வைக்கப்பட்டிருந்த அபெக்ஸி சூப்பர் ஏஎஃப்சி என்னும் சிறு மின்னணுப் பெட்டி. விஆர்-4 இன்ஜினுக்குள் புகும் காற்றை அளக்கும் கருவி, காற்றோட்டத்தின் குறுக்கே ஒரு தடையை நிறுத்தி, அதன் பின்னால் உருவாகும் சுழல்களை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அதற்கேற்ப இன்ஜெக்டர்களைத் திறந்து பெட்ரோலை விடுகிறது. நிமிடத்துக்கு 450 சி.சி. பெட்ரோல் விடும் பழைய இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, எவலூஷனிலிருந்து கிடைத்த 510 சி.சி. இன்ஜெக்டர்களைப் பூட்டினால், கணினி அறியாமலே எல்லா நிலையிலும் பெட்ரோல் மிகும். ஆகவே வரும் காற்றின் அளவை 12 விழுக்காடு குறைத்துச் சொல்லி, கணினியிடம் ஒரு பொய்யை உரைப்பதே அந்தப் பெட்டியின் பணி. பெட்ரோல் சரியாகிவிடும்; ஆனால் காற்று குறைவு என்று நம்பிய கணினி, சுமையும் குறைவு என்றே முடிவுகட்டி, ஸ்பார்க் நேரத்தை முன்னுக்கு இழுத்துவிடும். முன்னதாகப் பற்றிய தீயின் அழுத்தமும் வெப்பமும், எரியாமல் எஞ்சிய கலவையைத் தானாகவே வெடிக்கச் செய்யும் ‘நாக்கிங்’ என்னும் கேட்டுக்கு இது வழி. 30 பாகை செல்சியஸில் உள்ளே போகும் மலேசியக் காற்று, ஒரு பார் அழுத்தத்துக்கு உட்பட்டு டர்போவை விட்டு வெளிவரும்போது 120 பாகையைத் தாண்டிவிடும். இண்டர்கூலர் அதைத் தணித்தாலும், முன்னுக்கு இழுக்கப்பட்ட ஸ்பார்க்கை மன்னிக்கும் அளவுக்குத் தணித்துவிடாது. இளைஞர்கள் இப்பெட்டியைக் கழற்றிவிட்டு முழுக் கணினிக்கு மாறிய காரணம் இதுவே. காரணம் தெரிந்ததால் பெட்டி பூட்டப்பட்டது. திருத்தம் 12 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும், ஸ்பார்க்கின் அடிப்படை நேரத்தை அதற்கு ஈடாகச் சற்றுப் பின்தள்ள வேண்டும் என்றும் வரம்பு கட்டப்பட்டது. குறை தெரிந்த கருவி, குறையே இல்லை என்று விற்கப்படும் கருவியைவிடப் பயன்படுத்தத் தக்கது என்பதை இப்பெட்டி பல ஆண்டுகள் மெய்ப்பித்தது.

மிஞ்சிய காரணம் விளங்காமலே இன்ஜினுக்குள் ஏறியது டர்போ ஒன்றுதான். அது டிடி05எச் வகையைச் சேர்ந்த, 16ஜி என்று குறிக்கப்படும் காற்றுச் சக்கரம் கொண்ட மிட்சுபிஷி டர்போ. ஒரு இளைஞர் அதைப் புகைகிறது என்று சொல்லியே மலிவாகத் தள்ளிவிட்டார். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. இவ்வகையில் அது குண்டு பேரிங்கில் உருளாமல், அழுத்தத்தோடு வரும் ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. ஆயில் இல்லாத நிலையில் அத்தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் சிறிது ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம் படலத்துக்கு விடப்பட்ட இடம். முன்பின்னாக ஆடினால்தான் ஆபத்து. பட்டறைக்காரர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தண்டை இழுத்தும் தள்ளியும் பார்த்தார், சக்கரத்தின் இதழ்களில் ஒன்றாவது கூட்டுச் சுவரில் உரசிய தடம் உண்டா என்று நகத்தால் தடவிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. “ஷாஃப்ட் நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்புறம் ஏன் இது பொகஞ்சுச்சு?” என்று அவர் கேட்டதற்குக் கட்டுரையாளரிடம் பதில் இருக்கவில்லை. பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருக்கவில்லை. பூட்டிப் பார்த்துவிடலாம் என்று அவசரப்படுத்தியவர் அவரே.

டர்போவோடு ஒரு முழ நீள ஆயில் குழாயும் வந்திருந்தது. எஃகு இழைகளைப் பின்னி மேலுறையாக்கி, இருமுனைகளிலும் நீலமும் சிவப்பும் பூசிய அலுமினிய இணைப்பிகளைக் கொண்ட அக்குழாய், தொழிற்சாலை கொடுத்த வளைந்த இரும்புக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நகை போலிருக்கும். இரும்புக் குழாய் இன்ஜினின் தலையிலிருந்து ஆயிலை எடுத்து டர்போவுக்குத் தருவது. பின்னல் குழாயின் முனையோ, கீழே ஆயில் வடிகட்டி பூட்டும் கூட்டில் பொருந்துவதற்காகக் கடையப்பட்டிருந்தது. வடிகட்டியை விட்டு வந்த மறுகணமே கிடைக்கும் ஆயில் தூயது, அழுத்தமும் கூடியது என்பதால் அதுவே சிறந்தது என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. கட்டுரையாளரும் அவ்வாறே எண்ணி, இரும்புக் குழாயைப் பழைய இரும்பு போடும் பீப்பாயில் தம் கையாலேயே போட்டார்.

இன்ஜின் முதன்முறையாக உயிர்பெற்று, சூடேறி, பத்து நிமிடம் அமைதியாக ஓடிய பின் புகைக்குழாயில் நீலப் புகை கிளம்பியது. ஆயில் எரிந்தால் மட்டுமே எழும் அந்த நிறமும் நெடியும் பட்டறையை நிறைத்தபோது, டர்போ கெட்டதுதான், விற்றவர் சொன்னது மெய்தான், இன்னொன்று தேட வேண்டியதுதான் என்று கட்டுரையாளர் முடிவுகட்டிவிட்டார். பட்டறைக்காரர் முடிவுகட்டவில்லை. ஆயில் அழுத்தம் காட்டும் மானி காரில் இன்னும் இணைக்கப்படாமல் இருந்தது. மானி இருந்தும் அதற்குரிய உணரி கிடைக்காததால் அந்த இடம் ஒரு திருகால் அடைக்கப்பட்டிருந்தது. அவர் பக்கத்து லாரிப் பட்டறையிலிருந்து ஒரு கைமானியை வாங்கிவந்து, திருகைக் கழற்றி அதில் பூட்டி, இன்ஜின் முற்றும் ஆறும் வரை இரண்டு மணிநேரம் காத்திருந்து, மறுபடியும் இயக்கினார். 3,000 சுற்றில் முள் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோவைக் கடந்து நின்றது. 5 அல்லது 6இல் நின்றிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, இன்ஜினில் இருந்த எதிலும் அல்ல, அதிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்றில் இருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதால், கிராங்க் சுற்றும் வேகத்தைப்போல் இரு மடங்கில் ஓர் அதிர்வு எழுகிறது. ஒருபக்கம் கனத்த இரண்டு தண்டுகளை அதே இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழற்றி அவ்வதிர்வை அடக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டியவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர். 1970களில் அதைச் செம்மைப்படுத்தி ‘சைலன்ட் ஷாஃப்ட்’ என்று பெயரிட்ட மிட்சுபிஷியிடமிருந்து போர்ஷே நிறுவனமே தன் 944 காருக்காக உரிமம் பெற்றது. இத்தண்டுகளில் ஒன்றைச் சுழற்றும் சிறு பெல்ட் அறுந்தால், அது பக்கத்திலிருக்கும் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கி, வால்வுகள் பிஸ்டனில் மோதி, ஒரு நொடியில் இன்ஜினின் தலையே பாழாகிவிடும். ஆதலால் வேகப் பிரியர்கள் இத்தண்டுகளை எடுத்துவிடுவது வழக்கம். இந்த இன்ஜினிலும் அவை எடுக்கப்பட்டன. எடுத்தபின், அத்தண்டுகளின் பேரிங்குகளுக்கு ஆயில் போன துளைகள் அடைபடும்படி பேரிங் வளையங்களைத் திருப்பிப் பொருத்த வேண்டும். அதுவும் முறைப்படி செய்யப்பட்டது. ஆனால் ஆயில் பம்பு முன்போலவே அதே அளவு ஆயிலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. குடிக்க இரண்டு வாய் குறைந்துவிட்டது. மிகுதியைத் திருப்பிவிடும் வால்வின் வழி அந்தக் கூடுதலுக்காக அமைக்கப்பட்டதன்று.

டர்போவின் தண்டில் ஆயிலைத் தடுப்பவை ரப்பர் சீல்கள் அல்ல. அந்த வெப்பத்தில் ரப்பர் நிற்காது. பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையங்களே அங்கே உள்ளன. வருகிற ஆயில் தன் எடையாலேயே கீழ்க்குழாய் வழியே தடையின்றி இறங்கிப் போகும் வரைதான் அவை தடுக்கும். போகும் வழியை மீறி வரும் வழி பெருகினால், ஆயில் வளையங்களைத் தாண்டிப் புகைக்குழாய்ப் பக்கம் கசிந்து எரியும். ஆயில் வரத்து மிகுந்துவிட்ட இன்ஜினில், அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்தே குழாய் எடுக்கப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் சிறிது நேரம் அந்தப் பின்னல் குழாயின் நீல முனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விற்ற இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அவருடைய இன்ஜினிலும் அந்தத் தண்டுகள் எடுக்கப்பட்டிருந்தனவா? எடுக்கப்பட்டிருந்தன. அவர் அதன்பின் பெரிய டர்போ ஒன்று வாங்கிப் பூட்டியிருந்தார். அதுவும் இலேசாகப் புகைகிறது என்று அவரே சொன்னார்.

இந்த இடத்தில் பட்டறைக்காரரின் முதல் விதி ஒரு திருத்தம் பெற்றது. பாகம் மிஞ்சியதற்குக் காரணம் உண்டு என்பது சரி. அக்காரணம் பாகத்துக்குள்தான் இருக்கும் என்பது சரியன்று. டர்போவைச் சோதித்த விரல்கள் சரியாகத்தான் சொல்லின. அதைப் புகைய வைத்த காரணம், அதனோடு இலவசமாக வந்து, அழகாக இருக்கிறது என்பதற்காகவே யாராலும் விசாரிக்கப்படாத குழாயில் இருந்தது. கட்டுரையாளர் விலை கொடுத்து வாங்கிய ஒவ்வொன்றையும் சந்தேகித்தார். சும்மா வந்ததைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

திருத்த வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. வடிகட்டிக் கூட்டைக் கழற்றி, மிகுதி ஆயிலைத் திருப்பிவிடும் துளையின் விளிம்பைப் பட்டறைக்காரர் வட்ட அரத்தால் சிறிது சிறிதாக அகலப்படுத்தினார். ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் நிறுத்தி, வால்வின் பிஸ்டன் தடையின்றி நகர்கிறதா என்று பார்த்தார். அலுமினியத் தூள் ஒரு துகளும் தங்காதபடி மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். கட்டுரையாளருக்கு விதிக்கப்பட்ட வேலை, தாம் போட்ட இரும்புக் குழாயைப் பீப்பாயின் அடியிலிருந்து தேடி எடுப்பது. மழைநீரும் பழைய கிரீஸும் கலந்த சேற்றிலிருந்து அது வெளியே வந்தபோது மேலே துரு பிடித்திருந்தது. உள்ளே சுத்தமாக இருந்தது. புதுச் செப்பு வளையங்கள் இட்டுத் தலையிலிருந்து டர்போவுக்கு அது மீண்டும் பூட்டப்பட்டது. சூடேறிய இன்ஜினில், 3,000 சுற்றில், முள் ஐந்துக்குச் சற்றுக் கீழே நின்றது. புகைக்குழாய்க்குள் ஏற்கெனவே தங்கியிருந்த ஆயில் எரிந்து தீர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு புகை வரவில்லை.

அந்த இன்ஜின் 0.9 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோகப்படவில்லை; அதன் குதிரைத்திறன் எத்தனை என்று எந்த மேடையிலும் அளக்கப்படவும் இல்லை. இன்ஜின் எண் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிந்து, சோதனை முடித்து, காரைச் சாலையில் இறக்கியபின் நிகழ்ந்தவற்றில் சொல்லத்தக்கது அதிகம் இல்லை. ஆயில் மாற்றுவதும், ஈப்போவுக்குப் போய்வருவதும், சமிக்ஞை விளக்குகளில் பக்கத்துக் காரோடு போட்டி போடாமல் இருக்கப் பழகுவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

பின்னல் குழாய் மட்டும், தடித்த கேஸ்கெட் தொங்கிய அதே ஆணியில், பட்டறைச் சுவரில் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, சத்ரியா ஒன்றில் டர்போ ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் அதைக் கண்டு விலை கேட்டான். பட்டறைக்காரர் பத்து வெள்ளி என்றார். பையன் பணத்தை எடுப்பதற்குள், இன்ஜினில் அந்தத் தண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டார், இருக்கின்றன என்றான். அவர் குழாயை ஆணியிலிருந்து இறக்கி, நீல முனையில் ஒரு துண்டுக் காகித டேப்பைச் சுற்றி, அதன்மேல் பேனாவால் ‘9’ என்று எழுதிக் கொடுத்தார். அது என்ன எண் என்று பையன் கேட்கவில்லை.